பில்லின் பின்பக்கத்தில் ஒரு வரி

பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் வெல்லவாயவிலும் தளபாடக் கடைகளில் வேலைபார்க்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு,

அன்புள்ள தம்பிமாரே, தங்கச்சிமாரே,

உங்களில் சிலருக்குக் கைபிடித்து 'அ' எழுதப் பழக்கியவள் நான். கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் முன்பள்ளி நடத்துகிறேன். இப்போது டவுனுக்கு வந்தால் கடை வாசலில் நின்று, "வாங்க டீச்சர், உள்ளுக்கு வந்து பாருங்க" என்று கூப்பிடுகிறீர்கள். கேட்க மனதுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. சாதாரண தரம் எழுதிய கையோடு கொழும்புக்கு பஸ் ஏறிவிடாமல், வீட்டுக்கு வந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு வேலை தேடிக்கொண்டீர்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

இந்த மடலைக் கடை முதலாளிமாருக்கு எழுதச் சொன்னார்கள். நான் உங்களுக்குத்தான் எழுத நினைத்தேன். எங்கள் ஆட்கள் முதலாளியின் முகத்தைப் பார்த்துச் சாமான் வாங்குவதில்லை. உங்கள் வாயிலிருந்து வரும் தமிழைக் கேட்டு வாங்குகிறார்கள். "நல்ல சாமான்மா, நம்பி எடுங்க" என்று இன்னாருடைய பேரன், இன்ன லயத்துப் பையன் சொன்னால் அதற்கு மேல் அவர்கள் எதையும் கேட்பதில்லை. அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய பணத்தை இடம்மாற்றுகிறது என்பதை என் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன்.

2024 தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் முந்தி, ஒக்டோபர் 19 சனிக்கிழமை, என் அம்மா ஓர் அலுமாரி வாங்கினார். எந்த டவுன், எந்தக் கடை என்று நான் சொல்லப்போவதில்லை. 37 வருடம் கொழுந்து எடுத்த அம்மாவுக்கு அப்போதுதான் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்திருந்தது. அலுமாரியின் விலை 67,500 ரூபா. அதற்கு முந்தின மாதம்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாவிலிருந்து 1,350 ஆகியிருந்தது. வகுத்துப் பாருங்கள், சரியாக 50 பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்). ஐம்பது நாள் மலையில் நின்று, கிலோ குறையாமல் எடுத்து, ஒரு நாள்கூட அரைப் பேராக வெட்டுப்படாமல், அந்தச் சம்பளத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் இருந்தால்தான் அந்த அலுமாரி.

அம்மா ஏன் கட்டில் வாங்காமல் அலுமாரி வாங்கினார் என்பதும் உங்களுக்குப் புரியும். நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிரோடு சேர்ந்து பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடிதம், கலியாணப் படம் எல்லாமே மண்ணுக்குள் போயின. பிழைத்தவர்கள் தாங்கள் யார் என்று காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் நின்றார்கள். 2016இல் மாக்கல்தெனியவில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. ஆனால் கரண்டியிலிருந்து கட்டில் வரை எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கடதாசிகளைப் பூட்டி வைக்க, அவசரத்துக்கு ஒரே இடத்திலிருந்து அள்ளிக்கொண்டு ஓட, திறப்புப் போட்ட ஓர் அலுமாரி வேண்டும். துணிமணி வைப்பது அதற்குப் பிறகுதான். நீங்கள் விற்கும் சாமானை வாங்குகிறவர்கள் என்ன நினைத்து வாங்குகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

அலுமாரி லொறியில் வந்தது. பெரிய ரோட்டில் இறக்கி, நான்கு பேர் படி வழியாகத் தூக்கி வந்தார்கள். மூன்று கிழமை போகவில்லை, இடது பக்கக் கதவு மூட மறுத்தது. குனிந்து பார்த்தால் அடிப்பலகை ஊறவைத்த ரொட்டி மாதிரி ஊதியிருக்கிறது. பிணைச்சலைப் பிடித்திருந்த ஆணிகள் கையால் இழுத்தாலே வந்தன. ஊதிய இடத்தில் மேல்தாள் வெடித்திருந்தது, உள்ளே இருந்தது அழுத்திய மரச்சீவல். கடையில் எங்களுக்குச் சொன்ன சொல் "மஹோகனி". பில்லை எடுத்துப் பார்த்தேன். "அலுமாரி – 1" என்று மட்டும் இருந்தது.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "நம்ம கைராசி" என்றார். பிள்ளைகளே, என்னை அலுமாரியைவிட அதிகமாக வருத்தியது அந்தச் சொல்தான். எங்கள் ஆட்கள் பழுதான சாமானைத் தங்கள் விதியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அது பலகையின் பழுது. அந்தப் பலகை என்ன என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதைத்தான் ஒவ்வொரு நாளும் விற்கிறீர்கள்.

மரத்தூளையும் சீவலையும் பசையில் குழைத்து, சூட்டில் அமுக்கிச் செய்வது அந்தப் பலகை. பெரும்பாலும் யூரியா ஃபோர்மால்டிஹைட் பசை. மேலே மர வரி அச்சடித்த மெலமைன் தாள். அது மோசமான சாமான் என்று நான் சொல்லவில்லை. விலைக்கு ஏற்ற சாமான், காய்ந்த அறையில் பல வருடம் நிற்கும். ஆனால் அறுத்த ஓரங்களை பிளாஸ்டிக் பட்டி ஒட்டி அடைத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முன்பக்க ஓரத்தில் பட்டி ஒட்டிவிட்டு, நிலத்தைத் தொடும் அடி ஓரத்தை அப்படியே விட்டால் ஈரம் அந்த வழியாக ஏறும். ஈரம் ஏறினால் சீவல் ஊதும். பிறகு வெயிலில் வைத்துக் காயவைத்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஊதிய பலகை ஆணியையும் பிடித்து வைக்காது. எங்கள் அலுமாரியில் நடந்தது இதுதான். கவிழ்த்துப் பார்த்தபோது அடி ஓரம் நான்கிலும் பட்டி இல்லை.

"லயத்து வீடு ஈரம்தானே டீச்சர், நீங்க தண்ணி பட வச்சிருப்பீங்க" என்று கடையில் ஒரு தங்கச்சி சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அப்படிச் சொல்லும்படி அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஊவாப் பக்கத்தில் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை. தியலும அருவி 220 மீற்றர் உயரத்திலிருந்து வெள்ளையாகக் கொட்டும் காலம் அது. இந்த மலைக்கு, இந்த மழைக்கு, இந்த லயத்துக்கு அனுப்பப் போகிறோம் என்று தெரிந்து, விலாசம் எழுதி, லொறியில் ஏற்றிய சாமான் அது. இங்கே ஈரம் இருக்கும் என்பது எங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியமா?

முதல் தடவை நான் கடைக்குப் போனது நவம்பர் 11, திங்கட்கிழமை. பழுதுபார்க்கிறவரை அனுப்புவதாகச் சொன்னார்கள். யாரும் வரவில்லை. டிசம்பர் முதற்கிழமை போனேன். "முதலாளி கொழும்புக்குப் போயிருக்காரு, மாசக் கடைசியில வாங்க." டிசம்பர் 23 போனேன். "கிறிஸ்மஸ் நேரம் டீச்சர், லொறி இல்ல, வருசம் பிறக்கட்டும்." ஜனவரி 13 போனேன். "நாளைக்குப் பொங்கலு. பொங்கல் முடிஞ்சு அடுத்த திங்கக்கிழம, இருபதாந் திகதி வாங்க. கட்டாயம் செஞ்சு தாறோம்."

ஒருவர்கூட மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. கதிரை போட்டு உட்கார வைத்தீர்கள், தண்ணி கொடுத்தீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் சமாதானமாகித்தான் திரும்பினேன். என்னோடு துணைக்கு வந்த தங்கச்சிக்கு இரண்டு நாள் பேர் போனது, அதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

பிரதேச செயலகம் ஒன்றில் வேலைபார்க்கும் என் பள்ளித் தோழி ஒருத்தியைப் பொங்கலன்று கோயிலில் கண்டேன். கதையைச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "வாங்கின திகதி என்ன?" என்றுதான். சொன்னதும் விரல்விட்டு எண்ணினாள். "உனக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு" என்றாள்.

இந்த மடலை நான் எழுதுவதே அந்த ஐந்து நாளுக்காகத்தான். தயவுசெய்து இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. நாம் பேச்சில் நுகர்வோர் அதிகார சபை என்கிறோமே, அதுதான். விற்பனையாளர் வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்துக்கோ, சொல்லாமலே அடங்கியிருக்கும் உத்தரவாதத்துக்கோ பொருந்தாத சாமானைப் பற்றி அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் முறைப்பாடு செய்யலாம். விசாரித்துப் பார்த்து, நட்டஈடு கொடுக்கவோ, சாமானை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகார சபை கட்டளையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும்.

மூன்று மாதம். எங்களுக்கு அது ஜனவரி 19ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. என்னை வரச் சொன்னது 20ஆம் திகதி திங்கட்கிழமை.

திட்டம் போட்டு அந்தத் திகதியைச் சொன்னீர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கே அந்தக் கணக்கு தெரிந்திருக்காது. ஆனால் நீங்கள் இரக்கமாகச் சொல்லும் ஒவ்வொரு "பிறகு வாங்க"வும் எங்கள் மூன்று மாதத்திலிருந்து ஒரு துண்டை அறுத்தெடுக்கிறது. தீபாவளி, கிறிஸ்மஸ், புதுவருடம், பொங்கல் என்று எங்கள் நல்ல நாட்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று அந்த உரிமையைத் தின்றுவிடுகின்றன. தீபாவளிக்கு வாங்கினால் பொங்கலோடு அது முடிந்தது. எங்கள் தோட்டங்களில் அதிகமான ஆட்கள் சாமான் வாங்குவது தீபாவளிக்குத்தான் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஜனவரி 16 அன்று பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பினேன். தமிழில்தான் எழுதினேன். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமை 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. இதையும் உங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லுங்கள், "சிங்களம் தெரியாது, யார் எழுதித் தருவா?" என்று நினைத்தே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்கும் போனேன். அன்று முகாமையாளர் இருந்தார். கடிதத்தை வாசித்துவிட்டு, "இதுக்கு முந்தி நீங்க வந்து ஒண்ணும் சொன்னதில்லையே. இப்பதானே வாறீங்க" என்றார்.

நான்கு தடவை கதிரை போட்டு உட்கார வைத்த கடை.

பையிலிருந்து பில்லை எடுத்துத் திருப்பி வைத்தேன். பின்பக்கத்தில் நீல மையில் இப்படி இருந்தது: "11.11.2024. கீழ்ப் பலகை ஊதியுள்ளது. இடது கதவு மூடவில்லை. கடைக்கு அறிவித்தார்." கீழே ஒரு கையெழுத்து. நான் முதல்தடவை போனபோது உங்களில் ஒரு தம்பி, யாரும் கேட்காமலே எழுதித் தந்தது. முகாமையாளர் அதை இரண்டு முறை வாசித்தார். பெப்ரவரியில் வேறோர் அலுமாரி வந்தது. இந்த முறை அடி ஓரத்திலும் பட்டி இருந்தது, நாங்கள் லொறியில் வைத்தே கவிழ்த்துப் பார்த்தோம்.

அந்தத் தம்பியைப் பிறகு பஸ் நிலையத்தில் கண்டேன். ஏச்சு வாங்கினாயா என்று கேட்டேன். கொஞ்சம் வாங்கியதாகச் சொன்னான். ஏன் எழுதித் தந்தாய் என்றதற்கு, "எழுதாம விட்டா நீங்க வந்தது எனக்கே மறந்துபோயிரும் டீச்சர். ஒரு நாளைக்கு எத்தன பேரு வாறாங்க" என்றான். அவன் எனக்குப் பரிந்துகொண்டு எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினான், அவ்வளவுதான். உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். முதலாளியோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. உங்கள் சம்பளம் எவ்வளவு, காலையிலிருந்து இரவு வரை எத்தனை மணித்தியாலம் நிற்கிறீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உங்கள் அம்மாமார் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் நின்று என்னிடம் சொல்கிறார்கள்.

விற்கும்போது ஒரு வரி, பழுது என்று வந்து நிற்கும்போது ஒரு வரி. இந்த இரண்டும் போதும்.

விற்கும்போது, வாயால் சொன்னதை பில்லில் எழுதுங்கள். மஹோகனி என்றால் மஹோகனி. முன்சட்டம் மட்டும் மஹோகனி, மற்றது மெலமைன் பலகை என்றால் அப்படியே. ஒரு வருட வொரண்டி என்றால் எதற்கு ஒரு வருடம், பிணைச்சலுக்கா பலகைக்கா என்று. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும் என்பது அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, எனவே இது நீங்கள் எங்களுக்குச் செய்யும் சலுகை இல்லை. எழுத மனம் வரவில்லை என்றால் வாயாலும் சொல்லாதீர்கள். இல்லாத மரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதும் அந்தச் சட்டத்தின்படி குற்றம். அம்மாவிடம் "இது அமுக்கின பலகைதான்மா, கீழே ஈரம் படாம ரெண்டு கட்டை வச்சு நிறுத்துங்க" என்று சொல்லியிருந்தால் அவர் வாங்காமல் போயிருக்கமாட்டார். கட்டை வைத்து நிறுத்தியிருப்பார்.

பழுது என்று வருகிறவருக்குத் திகதி போட்டு, என்ன பழுது என்று எழுதி, கையெழுத்திட்டுக் கொடுங்கள். "பிறகு வாங்க" என்று சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், கூடவே வாங்கிய திகதியையும் பார்த்துச் சொல்லுங்கள்: "மூணு மாசம் இன்ன திகதியோட முடியுது." 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அதிகார சபையிடம் கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

"நீங்க பார்த்துத்தானே எடுத்தீங்க" என்ற பேச்சையும் கொஞ்சம் விட்டுவிடுங்கள். எனக்கு அது சொல்லப்பட்டது, உங்களுக்கும் பழக்கத்தில் வாயில் வந்துவிடும். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1931இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தில் கிராண்ட் என்ற மருத்துவர் கடையொன்றில் கம்பளி உள்ளாடை வாங்கினார். உடுத்தியதும் தோலில் கடும் புண் வந்தது. கழுவும்போது போகாமல் நூலில் தங்கியிருந்த இரசாயனம்தான் காரணம். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1935இல் அங்கே கடைக்காரரும் பொறுப்பு, செய்தவரும் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. கண்ணால் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாமல் நூலுக்குள் மறைந்திருந்த பழுது அது. அதைப் பார்க்கவில்லையே என்று வாங்கியவரைக் குற்றம் சொல்ல இடமில்லாமல் போயிற்று. அந்தப் பிரிவி கவுன்சில்தான் 1971 வரை இலங்கைக்கும் கடைசி மேன்முறையீட்டு மன்றம். நம் நாட்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896இல் வந்தது, 1893இன் ஆங்கிலச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய பழுதுக்கு வாங்குகிறவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதில் உண்டு. மறைந்த பழுதுக்கு அப்படி இல்லை. மெலமைன் தாளுக்குள் என்ன இருக்கிறது என்று கடையில் நின்றுகொண்டு என் அம்மா எப்படிப் பார்ப்பார்? நகத்தால் கீறிப் பார்த்தால் விடுவீர்களா?

தவணைக்குக் கொடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அதற்கென்று 1982இன் நுகர்வோர் கடன் சட்டம் தனியாக இருக்கிறது. கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தின் பிரதியை அப்போதே மடித்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள். தோட்டத்தில் எத்தனையோ பேர் மாதாமாதம் காசு கட்டுகிறார்கள், எதில் கையெழுத்து வைத்தோம் என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை.

பில்லின் அடியில் அச்சடித்திருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியைக் காட்டி யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். நிறம் பிடிக்கவில்லை, மகள் வேண்டாம் என்கிறாள் என்று வருகிறவரிடம் அதைக் காட்டுவது வேறு பேச்சு. ஊதிய பலகையோடு வருகிறவரிடம் காட்டினால், அந்த ஒரு வரி 13ஆம் பிரிவை அழித்துவிடாது.

எங்கள் பக்கத்திலும் பிழை இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். பில்லைத் தேடினால் கிடைக்காது, அரிசி வாளிக்குள் வைத்தோம் என்போம். சாமான் வந்த அன்றைக்கே சுற்றிப் பார்க்கமாட்டோம். பழுது தெரிந்தும் இரண்டு மாதம் "பார்ப்போம்" என்று இருப்போம், பேர் போய்விடும் என்ற பயத்தில். அதனால் இந்த மாதம் முன்பள்ளியில் அம்மாமார் கூட்டத்தில் இதைத்தான் பேசினேன். பில்லைப் படம் பிடித்து வைக்கச் சொன்னேன். அலுமாரியை லொறியிலிருந்து இறக்குமுன் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். லொறிக்காரர் அவசரப்பட்டால், "பழுது இருந்தது" என்று அவருடைய தாளிலேயே எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னேன்.

எங்கள் லயத்தில் ஒரு சீட்டு அடுத்த மாதம் முடிகிறது. ஏழு பெண்கள் சேர்ந்து கட்டிய சீட்டு. மூன்று பேர் அலுமாரி, ஒருவர் மகளுக்குக் கட்டில், மற்றவர்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை உங்களில் யாருடைய கடைக்காவது வருவார்கள். எழுதித் தரச் சொல்லிக் கேட்பார்கள், கேட்கச் சொல்லியிருக்கிறேன். கூட்டமாக இருக்கும், நீங்கள் களைத்துப்போயிருப்பீர்கள், முதலாளி பார்த்துக்கொண்டிருப்பார். இருந்தாலும் எழுதிக் கொடுங்கள். அந்த ஏழு பேரில் இரண்டு பேருக்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதினீர்கள் என்று அவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்பள்ளி டீச்சர்
கொஸ்லந்த